காதைக் குத்தும் டிரெபிள்: ஸ்பீக்கரை விற்கும் முன் ஒரு வார்த்தை

போனஸ் பணம் கைக்கு வந்ததும் வீட்டுக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்குவது, ஊரை விட்டு வந்து உழைக்கும் பல தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஆம்ப்ளிபையர் ஒன்று, ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. கடையில் கேட்டபோது கணீரென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்தால் கதை வேறு. ஜால்ரா ஊசியாய்க் குத்துகிறது. பாடகி 'ச' என்றாலும் 'ஷ' என்றாலும் பாம்பு சீறுவது போல் இருக்கிறது. அரை மணி நேரம் கேட்டால் தலைவலி. "அதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வருகிறது. ஒரு மாதத்தில் பெட்டி பரண் மேல் ஏறிவிடுகிறது. இல்லாவிட்டால் பாதி விலைக்குக் கை மாறிவிடுகிறது.

இப்படிக் கைவிடப்படும் பெட்டிகளில் பல உண்மையில் கெட்டுப் போனவை அல்ல. குற்றம் வேறு எங்கோ இருக்க, தண்டனை ஸ்பீக்கருக்குக் கிடைக்கிறது. காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்துவிட்டு, ஈயம் பற்ற வைக்கும் வேலையைக் கடைசிக்கு வைத்துக் கொண்டால், பெரும்பாலான பெட்டிகளை நல்ல வழிக்குக் கொண்டு வந்துவிடலாம்.

கடையில் இனித்தது ஏன்?

கடையில் நிற்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் கூர்மையான ஒலி, தெளிவான ஒலியாகத் தோன்றும். பக்கத்துக் கடைச் சத்தத்தையும் மீறிக் காதில் விழும். கடை முழுவதும் அடுக்கியிருக்கும் அட்டைப் பெட்டிகளும் கூட்டமும் ஒலியின் முனையைக் கொஞ்சம் மழுக்கிவிடும். அதே பெட்டியை வெறும் சுவர்களுக்கு நடுவே வைத்து இரண்டு மணி நேரம் கேட்கும்போதுதான் அதன் குணம் தெரிகிறது.

சாதாரண வீட்டு ஸ்பீக்கர் பெட்டியில் இரண்டு வாய்கள் உண்டு. பெரியது 'ஊபர்', தவில், மிருதங்கம், ஆண் குரல் ஆகியவற்றின் அடிப்பகுதியைத் தருவது. சின்னது 'டுவீட்டர்', ஜால்ரா, வயலினின் உச்ச ஸ்தாயி, குரலில் உள்ள 'ச', 'ஸ' ஒலிகள் ஆகியவற்றைத் தருவது. எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது 'கிராஸ் ஓவர்'.

மனிதக் காது எல்லா ஒலிகளையும் ஒரே மாதிரி எடுத்துக் கொள்வதில்லை. வினாடிக்கு 3,000 முதல் 4,000 வரை அதிரும் ஒலிகளுக்குத்தான் அது மிகவும் கூர்மை. காதுத் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். அந்த அளவு அதிர்வுகளை அது தானே பெருக்கிவிடுகிறது. குழந்தையின் அழுகை எந்தச் சந்தடியிலும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த இடத்தில் ஸ்பீக்கர் கொஞ்சம் மிகைப்படுத்தினாலும் காது பொறுக்காது.

1933-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிளெட்சர், மன்சன் என்ற இரு விஞ்ஞானிகள் இன்னொன்றையும் அளந்து காட்டினார்கள். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, காதுக்கு முதலில் மறைவது பாஸ்தான். இரவில் அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து மெதுவாக வைத்துக் கேட்டால் பாட்டு மெலிந்து, கீச்சென்று தோன்றுவது இதனால்தான். பழைய ஆம்ப்ளிபையர்களில் உள்ள 'லவுட்னெஸ்' பொத்தான் இதற்காகவே வைக்கப்பட்டது.

முதல் சந்தேகம் பாட்டின் மேல்

ஸ்பீக்கரைத் தொடும் முன், நன்றாகப் பழகிய ஒரு பாட்டை இரண்டு மூன்று வழிகளில் போட்டுக் கேட்க வேண்டும். ஒரே ஒரு பாட்டு மட்டும் குத்தினால் பிழை பாட்டின் பதிவில் இருக்கிறது. எல்லாப் பாட்டும் குத்தினால்தான் மேலே போக வேண்டும்.

பழைய கேசட்டுகளை இன்றும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவற்றில் சில 'டால்பி பி' முறையில் பதிவானவை. நாடாவின் இரைச்சலை அடக்குவதற்காக, பதிவு செய்யும்போதே மெல்லிய உச்ச ஒலிகளை 10 டெசிபல் வரை உயர்த்திப் பதிவு செய்யும் முறை அது. போடும் டெக்கில் அதே டால்பி பொத்தானை அழுத்தினால் சரியான அளவுக்கு இறங்கிவிடும். அழுத்தாமல் போட்டால் டிரெபிள் பொங்கி வழியும். இசைத்தட்டாக இருந்தால் ஊசி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த ஊசி 'ச' ஒலியை எல்லாம் கிழித்துவிடும். செல்போனில் இறக்கிய பாட்டாக இருந்தால், அளவுக்கு மீறிச் சுருக்கிய கோப்பாக இருக்கலாம். அதில் ஜால்ரா ஒலி, ஜால்ராவாக இல்லாமல் தண்ணீர் சலசலப்பது போல் கேட்கும்.

சின்ன ஆம்ப்ளிபையரை முழுச் சத்தத்துக்குத் திருப்புவதும் ஒரு காரணம். சக்திக்கு மேல் வேலை வாங்கினால் அது ஒலி அலையின் தலையை வெட்டி அனுப்பும். வெட்டுப்பட்ட அலையிலிருந்து புதிதாகக் கூரிய ஒலிகள் பிறக்கும். கேட்பவருக்குக் காது வலி; டுவீட்டருக்கோ உயிரே போய்விடும். டுவீட்டர்கள் எரிந்து போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

டிரெபிள் கூடவில்லை, பாஸ் குறைந்திருக்கிறது

தராசில் ஒரு தட்டு உயர்ந்தால் அதன் எடை குறைந்திருக்கலாம். மறுதட்டின் எடை கூடியும் இருக்கலாம். ஸ்பீக்கரும் அப்படித்தான். டிரெபிள் அதிகம் என்று வரும் புகார்களில் சில, உண்மையில் பாஸ் குறைந்த புகார்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு வயர் இணைப்பில். இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்குச் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டால், ஒரு ஊபர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக் கொண்டு பாஸ் காணாமல் போகும். மிஞ்சுவது கீச்சு மட்டுமே. ஒரு பெட்டியின் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றிப் போட்டுக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். பாஸ் கூடினால் முன்பு தவறாக இருந்தது என்று பொருள்.

உறுதி செய்து கொள்ள மற்றொரு வழியும் உண்டு. பெட்டியை ஆம்ப்ளிபையரிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டு, சாதாரண 1.5 வோல்ட் பேட்டரிக் கட்டையின் பிளஸ் முனையைச் சிவப்பிலும் மைனஸ் முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட வேண்டும். ஊபரின் காகிதக் கூம்பு முன்னே வந்தால் அந்தப் பெட்டி சரி. இரண்டு பெட்டிகளும் ஒரே மாதிரி அசைய வேண்டும். செலவு ஒரு பேட்டரிக் கட்டை.

அடுத்தது வைக்கும் இடம். அறையின் நடுவே மேஜை மேல் வைத்த பெட்டிக்கு பாஸ் குறையும். பின்சுவரை ஒட்டி ஒரு சாண் தூரத்தில் வைத்தால் சுவர் கை கொடுத்து பாஸ் கூடும். இரும்பு பீரோ மேல் வைத்தால் தகரம் அதிர்ந்து தானும் ஒரு பாட்டுப் பாடும். அதைத் தவிர்க்க வேண்டும்.

டுவீட்டரின் உச்ச ஒலி டார்ச் லைட் வெளிச்சம் போல் நேராகப் போகும். அந்த வெளிச்சம் முகத்தில் அடிக்கிற மாதிரி உட்கார்ந்தால் குத்தும். பெட்டியைக் கொஞ்சம் திருப்பி, பார்வை காதுக்கு நேராக விழாமல் 20, 30 பாகை விலகிப் போகும்படி வைத்தால், உச்சத்தின் கூர்மை மட்டும் மழுங்கும்; குரல் அப்படியே இருக்கும். கேட்பவர் பாயில் உட்காருகிறாரா, நாற்காலியில் உட்காருகிறாரா என்பதைப் பொறுத்தும் இது மாறும்.

கூடம் உண்மையிலேயே கோணல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒலி விஷயத்தில் கூடம் உண்மையிலேயே கோணல்தான்.

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு சொற்பொழிவு மண்டபத்தில், பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை வினாடி வரை சுவர்களுக்குள் சுற்றிக் கொண்டிருந்தது. அதைச் சரி செய்யும் பொறுப்பு வாலஸ் சேபின் என்ற இளம் பேராசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் நாற்காலி மெத்தைகளை இரவோடிரவாகத் தூக்கி வந்து மண்டபத்தில் அடுக்கினார். மெத்தைகள் கூடக் கூட எதிரொலி எத்தனை வினாடி குறைகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். அதிலிருந்து அவர் கண்ட சூத்திரத்தைத்தான் இன்றும் அரங்கம் கட்டுபவர்கள் பயன்படுத்துகிறார்கள். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி மண்டபம் அவர் கணக்கில் உருவானது.

அந்தச் சூத்திரத்தை பத்துக்குப் பத்து அறைக்குப் போட்டுப் பார்க்கலாம். உயரமும் பத்து அடி என்றால் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். பூசிய சுவர், டைல்ஸ் தரை, சாமான் எதுவும் இல்லை என்றால், எதிரொலி அடங்க இரண்டரை வினாடிக்கு மேல் ஆகும். மெத்தை, துணிமணி, திரைச்சீலை, மனிதர்கள் எல்லாம் சேர்ந்து 9 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சினால் அதே அறையில் அரை வினாடிதான். புது வீட்டுக்குக் குடி போன முதல் வாரம் எந்த ஸ்பீக்கரும் கத்துவது இதனால்தான்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஸ்பீக்கருக்கும் கேட்பவருக்கும் நடுவே தரையில் ஒரு பவானி ஜமக்காளம். ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாக விழும் தடித்த திரை. சுவரை ஒட்டாமல் நாலு அங்குலம் விட்டுத் தொங்கினால் இன்னும் நல்லது. பக்கச் சுவரில் எங்கே துணி வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு முகக்கண்ணாடி போதும். கேட்பவர் தம் இடத்தில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் கண்ணாடியைச் சுவரோடு சுவராக நகர்த்த வேண்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் டுவீட்டர் தெரிகிறதோ அந்த இடத்திலிருந்துதான் ஒலி தெறித்து வருகிறது. அங்கே ஒரு கனத்த போர்வையோ புத்தக அலமாரியோ இருந்தால் போதும்.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் ஒலி அடங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதனால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. தீப்பிடிக்கும் ஆபத்துதான் அதிகம்.

குமிழ் இருப்பது திருப்புவதற்கே

டிரெபிள் குமிழைத் தொட்டால் அசல் கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இன்று வரை உலகெங்கும் ஆம்ப்ளிபையர்களில் இருக்கும் டோன் கண்ட்ரோல் சுற்று, பீட்டர் பேக்ஸாண்டல் என்ற ஆங்கிலேயர் 1952-ல் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் வெளியிட்டது. அறைக்கும் காதுக்கும் ஏற்பத் திருப்பிக் கொள்ளத்தான் அந்தக் குமிழ். நடுவிலிருந்து ஒரு புள்ளி, இரண்டு புள்ளி இடது பக்கம் திருப்புவதில் தவறே இல்லை.

செல்போனில் 'ஈக்குவலைசர்' இருந்தால் இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம். குரல் முகத்தில் அறைந்தால் 3,000, 4,000 பக்கம் உள்ள பட்டையை இரண்டு மூன்று டெசிபல் இறக்க வேண்டும். 'ச' மட்டும் சீறினால் 6,000, 8,000 பக்கம். மற்ற எல்லாவற்றையும் ஏற்றி டிரெபிளை மட்டும் விட்டு வைப்பது தவறான வழி. அது ஆம்ப்ளிபையரைத் திணற அடித்து, முன்பு சொன்ன தலைவெட்டில் கொண்டு போய் விடும்.

உலகப் புகழ் பெற்ற மெல்லிய தாள்

டிரெபிளை அடக்க டுவீட்டர் மேல் தாள் ஒட்டிய கதை, ஒலிப்பதிவு உலகில் அனைவருக்கும் தெரிந்தது. 1978-ல் ஜப்பானின் யமஹா கம்பெனி 'என்.எஸ். 10 எம்' என்ற சிறிய ஸ்பீக்கரை வெளியிட்டது. அகிரா நாகமுரா என்பவர் வடிவமைத்தது. வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்த அந்தப் பெட்டி வீடுகளில் எடுபடவில்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கூடங்கள் அதைப் பிடித்துக் கொண்டன. பதிவில் உள்ள குறையை ஒளிக்காமல் காட்டியதே காரணம். வெள்ளைக் கூம்பு கொண்ட அந்தப் பெட்டி உலகின் பெரிய ஸ்டூடியோக்களில் எல்லாம் இடம் பிடித்தது.

ஆனால் அதன் டிரெபிளை நாள் முழுவதும் கேட்க முடியவில்லை. ஸ்டூடியோ என்ஜினீயர்கள் டுவீட்டரின் முன்னால் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டிக் கொண்டார்கள். எந்தத் தாள் நல்லது, எத்தனை மடிப்பு என்றெல்லாம் விவாதம் நடந்தது. 1986-ல் பாப் ஹோடாஸ் என்ற என்ஜினீயர் பல வகைத் தாள்களை ஒட்டி அளந்து பார்த்தார். தாள் டிரெபிளை ஒழுங்காகக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. சில ஒலிகள் தாளில் பட்டுத் திரும்பி டுவீட்டர் மேலேயே மோதி, ஒலியில் சீப்புப் பல் போல் மேடும் பள்ளமும் உண்டாக்கின. 1987-ல் யமஹாவே டுவீட்டரைத் திருத்தி, தாள் தேவையில்லாத புதிய வகையை வெளியிட்டது. அந்த வரிசை 2001-ல் நின்றது.

ஒரு நாள் சோதனைக்கு, டுவீட்டரைத் தொடாமல் அதன் முன்னால் மெல்லிய துணியோ தாளோ தொங்கவிட்டுப் பார்க்கலாம். நிறைவு கிடைத்தால், டுவீட்டரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்பது உறுதி. அதை நிரந்தரமாகச் செய்ய நல்ல வழி வேறு.

கடைசி மருந்து: இரண்டு ரெசிஸ்டர்

தனித்தனியாகச் சாமான் வாங்கிச் சேர்த்த பெட்டிகளில் ஒரு பொருத்தமின்மை நேர்வதுண்டு. ஒரு வாட் கொடுத்தால் ஊபர் 87 டெசிபல் தரும். டுவீட்டர் 91 டெசிபல் தரும். இந்த நாலு டெசிபல் வித்தியாசம்தான் காதைக் குத்துகிறது. டுவீட்டரின் கையைக் கொஞ்சம் கட்டிப் போட வேண்டும்.

கிராஸ் ஓவரிலிருந்து டுவீட்டருக்குப் போகும் பிளஸ் வயரின் நடுவே 2.2 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அதற்கு அப்பால் டுவீட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. 8 ஓம் டுவீட்டருக்கு இந்த ஜோடி ஏறக்குறைய 3 டெசிபல் குறைக்கும். அதாவது டுவீட்டருக்குப் போகும் சக்தி பாதியாகும். காதுக்கோ ஒரு படி இறங்கியது போல் இருக்கும். இரண்டும் சேர்ந்து கிராஸ் ஓவருக்கு அதே 8 ஓமாகவே தெரிவதால் அதன் கணக்கு கெடாது. ஒரே ஒரு ரெசிஸ்டரை நடுவில் போட்டால் அந்தக் கணக்கு நகர்ந்துவிடும். 2 டெசிபல் போதும் என்றால் 1.5 ஓமும் 33 ஓமும் சரியாக இருக்கும். 10 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர்களாக வாங்க வேண்டும். நாலு ரெசிஸ்டருக்கும் சில பத்து ரூபாய்களே ஆகும். வலது, இடது இரண்டு பெட்டிகளிலும் ஒரே மாதிரி போட வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இந்த அளவை எழுதிக் கொண்டு போய் மெக்கானிக்கிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை. விலை குறைந்த பெட்டிகளில் வரும் பீசோ வகை டுவீட்டருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

டுவீட்டருக்கு முன்னால் உள்ள கன்டென்சரையும் பார்த்துவிடுவது நல்லது. 2.2 மைக்ரோபாரட் இருந்த இடத்தில் யாராவது 4.7 போட்டிருந்தால், 9,000 அதிர்வுக்கு மேல் மட்டும் பாட வேண்டிய டுவீட்டர் 4,200-லிருந்தே பாடத் தொடங்கும். காது கூசும் இடத்தில் அது வந்து சேரும்.

டுவீட்டர் வயரை வெட்டிவிடுவது மட்டும் கூடாது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை அது. வீணையின் மீட்டு, மிருதங்கத்தின் சாப்பு, பாடகரின் உச்சரிப்பு எல்லாம் அதோடு போய்விடும். பாட்டு கம்பளிக்குள்ளிருந்து கேட்கும்.

பிழை காதிலும் இருக்கலாம்

எல்லாம் செய்த பிறகும் ஒரு வீட்டில் சண்டை தீராமல் இருக்கலாம். அப்பாவுக்குப் பாட்டு மங்கலாகக் கேட்கிறது, டிரெபிளை ஏற்றுகிறார். பிள்ளைகள் காதைப் பொத்திக் கொள்கிறார்கள். இங்கே ஸ்பீக்கரைக் கேட்டுப் பயனில்லை.

பிரஸ் ஷாப், நெசவாலை, கொதிகலன் பட்டறை போன்ற இடங்களில் வருஷக்கணக்காக வேலை செய்பவர்களுக்குக் காது கெடத் தொடங்கும் இடம் பெரும்பாலும் 4,000 அதிர்வுப் பக்கம்தான். வலி இருக்காது. பேச்சு கேட்கும், ஆனால் 'ச', 'த' போன்ற ஒலிகள் குழம்பும். அதனால் டிரெபிள் போதவில்லை என்று தோன்றும். இன்னொரு விசித்திரமும் உண்டு. கெட்ட காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. சற்றே பலமான ஒலியோ திடீரென்று தாங்க முடியாமல் குத்தும். இதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுபவர்கள் அதிகம்.

நம் நாட்டில் தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலை எல்லையாக வைத்திருக்கின்றன. சத்தத்தால் வரும் செவிக் குறையை 1948-ம் வருஷத்திய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாவது அட்டவணை தொழில் நோய்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. காது டாக்டரிடம் 'ஆடியோகிராம்' எடுத்தால் எந்த அதிர்வில் எவ்வளவு குறை என்று ஒரு தாளில் கோடு போட்டுத் தந்துவிடுவார்கள். இந்தத் துறைக்கென்றே 1965-ல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும் இருக்கிறது.

ஸ்பீக்கரின் டிரெபிளை இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்கலாம், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். மெஷின் சத்தத்தில் போன 4,000 அதிர்வு திரும்பி வராது. பட்டறையில் கொடுக்கும் காதடைப்பானைப் பையில் வைத்துக் கொள்ளாமல் காதில் வைத்துக் கொள்பவருக்குத்தான், ஓய்வு பெற்ற பிறகும் ஜால்ரா ஜால்ராவாகக் கேட்கும்.